‘மருமகன்’ என்னும் மொழிபெயர்ப்பு: அரசியல் குடும்பச் செய்திகளில் உறவுச்சொற்கள்

இந்திய அரசியலில் ஒரே குடும்பத்தினர் பலர் பதவிகளில் இருப்பதும், கட்சித் தலைமைக்காக அவர்களுக்குள் பூசல் எழுவதும் புதியன அல்ல. இப்பூசல்களைத் தமிழில் தரும் செய்திகள் உறவுச்சொற்களைக் கையாளும் முறை மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. ஆங்கிலச் செய்தியில் ‘நெஃப்யூ’ என்றிருக்குமிடத்தில் தமிழில் ‘மருமகன்’ என எழுதும் போக்குக் காணப்படுகிறது. சிறு பிழையாகத் தோன்றினும் இது செய்தியின் பொருளையே மாற்றிவிடுகிறது.

ஆங்கிலச் சொல் சகோதரன் மகனையும் சகோதரி மகனையும் வேறுபடுத்துவதில்லை. இந்தியில் ‘பதீஜா’ சகோதரன் மகன். ‘பாஞ்ஜா’ சகோதரி மகன். மராத்தியில் இவர்கள் முறையே ‘புதண்யா’, ‘பாச்சா’ எனப்படுவர். தமிழோ உறவுக்குரியவர், அவருடைய உடன்பிறந்தவர் ஆகிய இருவரின் பாலையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாயின் மகன் முறை. வேறாயின் மருமகன் முறை. மேலும், மகளின் கணவரும் தமிழில் மருமகனே.

மகாராட்டிரத்தில் 2023 சூலையில் தேசியவாத காங்கிரசுக் கட்சி பிளவுற்றது. கட்சியின் பெயரும் கடிகாரச் சின்னமும் அஜித் பவார் அணிக்கே உரியன எனத் தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் முடிவு செய்தது. அஜித் பவார், சரத் பவாரின் அண்ணன் மகன். அவரைச் ‘சரத் பவாரின் மருமகன்’ என்றால், தமிழ் வாசகர் அவரைச் சுப்ரியா சுலேயின் கணவர் எனக் கொள்ளக்கூடும். தமிழ் முறைப்படி சுப்ரியா அவருக்குத் தங்கை. ஆந்திரத்தில் 1995இல் என்.டி. ராமாராவிடமிருந்து கட்சியையும் ஆட்சியையும் கைப்பற்றிய சந்திரபாபு நாயுடுவோ மகளின் கணவர். ஒருவர் குடும்பப் பெயரோடு பிறந்தவர். மற்றவர் திருமணத்தால் குடும்பத்துள் வந்தவர். ஒரே சொல்லால் சுட்டும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

‘மருமகன்’ பொருந்தும் இடங்களும் உண்டு. சந்திரசேகர ராவுக்குச் சகோதரி மகனான ஹரீஷ் ராவ் மருமகனே. மம்தா பானர்ஜிக்குச் சகோதரன் மகனான அபிஷேக்கும், மாயாவதிக்குச் சகோதரன் மகனான ஆகாஷ் ஆனந்தும் அவ்வாறே. இங்கு உறவுக்குரியவர் பெண். ஆகவே பிழை சொல்லில் இல்லை. உறவை ஆராயாது ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அதனை வைப்பதில் உள்ளது.

‘வாரிசு’ என்ற பொதுச்சொல்லே போதும் எனச் சிலர் கருதலாம். அரபு மூலமுடைய அச்சொல் சொத்துரிமை பெறுவோரைக் குறிப்பது. பூசல் எழுவதோ பெரும்பாலும் உரிமை யாருக்கு என்பது உறுதிப்படாத இடத்தில். 2006 மார்ச்சில் தனிக்கட்சி தொடங்கிய ராஜ் தாக்கரே, பால் தாக்கரேயின் தம்பி மகன். உத்தவ் தாக்கரேக்குப் பங்காளி. ‘பங்கு’ என்னும் அடியிற் பிறந்த இச்சொல் உறவையும் போட்டியையும் ஒருங்கே உணர்த்துகிறது. எனினும் கட்சி, பங்கிட்டுக்கொள்ளும் குடும்பச் சொத்து என்ற கருத்தையும் அது உடன் கொணரும். செய்தி எழுதுவோர் இதனை அறிந்தே ஆளவேண்டும்.

மூலச் செய்தி உடன்பிறந்தவர் அண்ணனா, தம்பியா, அக்காவா, தங்கையா எனச் சொல்லாதபோது, மொழிபெயர்ப்பவர் அதனைக் கேட்டறிதல் கடன். ‘அண்ணன் மகன்’ என்பது இரண்டே சொல். யார், எவ்வுறவின் பெயரால் ஆட்சிப் பொறுப்புக் கோருகிறார் என்பதை அறிய வாக்காளருக்கு அவ்விரு சொற்கள் தேவை.