செக் வைத்தால் கை நிற்க வேண்டும்

பிரான்சின் மார்செய் நகரத்து ‘லெ சொலெய்’ நாளிதழ் 1925-இல் ஒரு புது செஸ் விதியை வெளியிட்டது. ஒரு முறைக்கு இரண்டு நகர்த்தல். ஒரே காயையும் ஆடலாம், வெவ்வேறு காய்களையும் ஆடலாம். செஸ் மேதைகளான அலெக்கினும் ரெட்டியும் இதை ஆடியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களையே இழுத்த ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கை நீண்டதும் முதல் ஆபத்து ராஜாவுக்குத்தான். முதல் நகர்த்தலில் செக், இரண்டாவதில் ராஜாவே வெட்டு என்றாகிவிடும். அதற்குத்தான் மார்செய் ஆட்டம் அணை போட்டது: முதல் நகர்த்தலிலேயே செக் வைத்தால் இரண்டாவது போச்சு. செக் வாங்கியவரும் தம் முதல் நகர்த்தலிலேயே தப்ப வேண்டும். தொடங்குகிற வெள்ளைக்கு முதல் முறை மட்டும் ஒரே நகர்த்தல் என்ற திருத்தம் பின்னால் வந்தது. நியாயமான திருத்தம்.

அடுத்தது வளர்முறை செஸ். வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 2, மறுபடி வெள்ளைக்கு 3 என்று ஏறிக்கொண்டே போகும். வெள்ளை, ராஜா முன்னிருக்கும் சிப்பாயை இ4-க்குத் தள்ளுகிறது. கறுப்பு தன் சிப்பாயை இ5-க்குக் கொண்டுவந்து, ராணி பக்கத்துக் குதிரையை வெளியே எடுக்கிறது. இப்போது வெள்ளையின் மூன்று: மந்திரி சி4, ராணி எச்5, ராணி எஃப்7 சிப்பாயை வெட்டி மேட்! சின்னப் பிள்ளைகள் முதலில் கற்கும் அதே நான்கு நகர்த்தல் மேட்தான். வழக்கமான ஆட்டத்தில் ராணி எச்5-இல் வந்து நின்றதும் கறுப்பு விழித்துக்கொள்ளும். இங்கே விழிக்க இடைவெளியே இல்லை.

இதில் இரண்டு மரபுகள். ஸ்காட்லாந்து மரபில் எந்த நகர்த்தலிலும் செக் வைக்கலாம், ஆனால் அத்தோடு அந்த முறை முடிந்தது. இத்தாலிய மரபு கறார்: கடைசி நகர்த்தலில் மட்டுமே செக். செக்கிலிருந்து தப்பும் ஒரே வழி முதல் நகர்த்தலிலேயே எதிரிக்குச் செக் வைப்பதாக இருந்தால், அதுவும் தோல்விதான். எனக்கு இத்தாலிய மரபே உயர்ந்ததாகப் படுகிறது. ஏழு, எட்டு நகர்த்தல்களையும் எதிரி ராஜாவைத் தொடாமல் மனத்துக்குள் கோத்து, கடைசியில் ஒரே அடி அடிக்க வேண்டும். கணக்குப் போடும் திறமைக்கு இதைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரியாது.

மான்ஸ்டர் செஸ்ஸில் இந்த அணையே வேறு மாதிரி. வெள்ளைக்கு ஒரு ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டும், முறைக்கு இரண்டு நகர்த்தல். கறுப்புக்கு முழுப் படை, ஒரே நகர்த்தல். வெள்ளை ராஜா முதல் நகர்த்தலில் செக்குக்குள்ளேயே நுழைந்து ஒரு காயை வெட்டி, இரண்டாவதில் வெளியே வந்துவிடலாம்.