'சிவில் சர்வீஸ்': ஒரு சொல்லின் பயணம்

பேரரசு ஆளப்பட்ட நாட்டை மட்டுமன்றி ஆண்ட நாட்டையும் உருமாற்றியது என்பதற்குச் 'சிவில் சர்வீஸ்' என்னும் தொடரே சான்றாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைசாரா அலுவலரைக் குறித்த இத்தொடர், பின்னர்ப் பிரித்தானிய அரசுப்பணிக்கும் பெயராயிற்று. சொல்லைத் தொடர்ந்து முறையும் சென்றது. இந்தியப் பணிக்கு 1855இல் நடைமுறைக்கு வந்த திறந்த போட்டித் தேர்வு, பிரித்தானியாவின் பெரும்பாலான துறைகளில் 1870இல்தான் விதியாயிற்று. செல்வாக்கால் பதவி பெறும் வழக்கம் தளர்ந்தது. உள்நாட்டுச் சீர்திருத்தத்தைப் பரிந்துரைத்த 1854ஆம் ஆண்டு அறிக்கையின் ஆசிரியர் இருவருள் ஒருவரான சார்லஸ் டிரெவெலியன், முன்னர் இந்தியாவில் கம்பெனிப் பணியாற்றியவர்.

'குடிமைப் பணி' என்னும் தமிழாக்கம் 'படைசாரா' என்ற தொடக்கப் பொருளை மறைத்துவிடுகிறது. ஆட்சியதிகாரம் குடிமக்களுக்கான தொண்டாகத் தோன்றுகிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் சொல்லின் பொருளோடு அது கடந்துவந்த வழியையும் அறிதல் வேண்டும்.