டவருக்குப் பின்னால் உள்ள பாதை

கைப்பேசித் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கின்றன, ஆனால் ஒரு படம்கூட இறங்குவதில்லை. நம் ஊர்களில் பலருக்கும் பழகிப்போன அனுபவம் இது. அந்தக் கோடுகள் நமக்கும் பக்கத்து டவருக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். டவரிலிருந்து நிறுவனத்தின் மைய வலையமைப்புக்குப் போகும் பாதை எந்த நிலையில் இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. பேக்ஹால் என்று துறையினர் அழைக்கும் அந்தப் பாதை, இந்தியாவில் பெரும்பாலும் மண்ணுக்கடியில் ஓடும் ஃபைபர் அல்ல; டவருக்கு டவர் முகம் பார்த்து நிற்கும் டிஷ்களுக்கு நடுவே பாயும் மைக்ரோவேவ். தேசிய பிராட்பேண்ட் இயக்கம் 2019இல் தொடங்கியபோது, ஃபைபர் சென்று சேர்ந்த டவர்களை 30 விழுக்காட்டிலிருந்து 2024க்குள் 70 விழுக்காடாக உயர்த்துவதாக இலக்கு வைத்தது. அந்த ஆண்டு முடிந்தபோது பாதி டவர்களைக்கூட ஃபைபர் எட்டவில்லை.

மைக்ரோவேவ் ஒன்றும் அரைகுறைத் தொழில்நுட்பம் அல்ல. நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் 1951இல் இணைத்த தொலைபேசித் தடம், நூற்றுக்கும் மேற்பட்ட ரிலே நிலையங்கள் வழியே இந்த அலையில்தான் ஓடியது. ஃபைபர் பதிக்க உள்ளாட்சி, நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, வனத்துறை என்று வாசல் வாசலாக அனுமதி கேட்க வேண்டும். நீலகிரிச் சரிவில் தோண்டுவதற்கு ஆகும் செலவும் காலமும் தனி. இரண்டு டவர்கள் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால், டிஷ் கட்டிச் சில நாட்களில் இணைப்பு கொடுத்துவிடலாம். மலைக்கிராமங்களில் இன்று கைப்பேசி ஒலிக்கிறது என்றால் அதற்கு இந்த வசதி ஒரு பெரிய காரணம். அதை மறுத்துவிட்டு இந்த முறையை எடைபோடுவது நியாயமாகாது.

5ஜி என்றதும் தேவை பெருகியது. பழைய 15 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 28 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை நொடிக்கு ஏறத்தாழ 200 மெகாபிட் தரும். மூன்று திசைகளில் 5ஜி வீசும் டவருக்கு அது எந்த மூலைக்கும் போதாது. ஆகவே 2022 ஜூனில், 5ஜி அலைக்கற்றை ஏலத்துக்குச் சற்று முன்பு, 71 முதல் 86 கிகாஹெர்ட்ஸ் வரையிலான ஈ-பேண்டில் நிறுவனங்களுக்குத் தலா 250 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இரண்டு அலைவரிசைகளைத் தற்காலிகமாக ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வானம் தெளிவாக இருந்தால் இரண்டும் சேர்ந்து நொடிக்கு 3 கிகாபிட்டை நெருங்கும்.

வானம் தெளிவாக இருந்தால்! இந்த நிபந்தனையில்தான் சிக்கல் இருக்கிறது. ஈ-பேண்டின் அலைநீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். மழைத்துளியின் அளவும் அதை நெருங்கி வருகிறது. துளிகள் அலையை விழுங்குகின்றன, சிதறடிக்கின்றன. மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டும்போது, 15 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டரில் பாதிக்குச் சற்றே கூடுதலாக வலு இழக்கும். 80 கிகாஹெர்ட்ஸ் அலையோ அதே தொலைவில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகிவிடும். இணைப்பு உடனே அறுந்துவிடுவதில்லை. கருவி, ஒரு குறியீட்டில் 8 பிட் ஏற்றியதை 2 பிட்டாகக் குறைத்துக்கொண்டு, கால்வாசி வேகத்தில் தாக்குப்பிடிக்கப் பார்க்கும். அதுவும் முடியாதபோதுதான் இணைப்பு போகும்.

பொறியாளர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் இல்லை. ஆண்டில் 99.99 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்று இலக்கு வைத்து, அதற்கேற்ப டிஷ்ஷின் அளவையும் தொலைவையும் தீர்மானிக்கிறார்கள். விடுபடும் நேரம் ஆண்டுக்கு 53 நிமிடம். காகிதத்தில் மிக நல்ல எண். ஆனால் அந்த 53 நிமிடங்கள் ஆண்டு முழுவதும் சீராகத் தூவப்பட்டவை அல்ல. வடகிழக்குப் பருவமழையின் சில இரவுகளில், ஒரு மாவட்டத்தின் பல டவர்களில் ஒரே நேரத்தில் அவை வந்து விழுகின்றன. ஆம்புலன்ஸைக் கூப்பிடவும், ஏரி உடைந்ததா என்று விசாரிக்கவும் மக்கள் கைப்பேசியை எடுப்பதும் அதே மணிநேரத்தில்தான். ஆண்டு சராசரியை அளவுகோலாக வைத்து வடிவமைக்கும் வழக்கத்தில் எனக்குள்ள முதன்மையான மறுப்பு இதுவே.

சங்கிலி அமைப்பு இந்தக் குறையைப் பெருக்குகிறது. ஃபைபர் வந்து சேரும் ஒரு டவரிலிருந்து இரண்டாவதுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு என்று இணைப்பு நீளும்போது, கடைசி டவர் கடைமடை வயலின் நிலைக்கு வந்துவிடுகிறது. தலைமடையில் ஒரு தாவல் (இரு டவர்களுக்கு இடையிலான இணைப்பு) தளர்ந்தால் பின்னால் உள்ள எல்லா ஊர்களும் சேர்ந்து தளரும். அங்கே டவர் நிமிர்ந்து நிற்கும், சிக்னல் கோடுகளும் தெரியும்.

அதற்காக ஃபைபரைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஃபைபர் அறுபடல்கள் நிகழ்வதாகச் சொல்லித்தான், தோண்டுமுன் தகவல் தரும் செயலியை 2023இல் அரசு கொண்டுவந்தது. ஜேசிபி ஒரு முறை அறுத்த கேபிளை ஒட்ட மணிக்கணக்காகும். மழையில் போன மைக்ரோவேவ் மழை ஓய்ந்ததும் தானே திரும்பிவிடும். நகரங்களில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர் புயலுக்குத் தப்புவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரமே இல்லாதபோது பேக்ஹால் எதுவானாலும் பயனில்லை. ஆனால் இரண்டு வழிகளும் கெடும் காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறு. ஒன்று கெடும் நேரத்தில் மற்றது கைகொடுக்கும்; ஆகவே ஒரு டவருக்கு இரண்டும் இருப்பதே நல்ல வடிவமைப்பு.

ஃபைபர் சேராத இடத்திலும் வழி இல்லாமல் இல்லை. ஈ-பேண்டையும் 15 அல்லது 18 கிகாஹெர்ட்ஸையும் ஒன்றாகப் பிணைத்து, குரல் அழைப்புகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். ஓர் அழைப்புக்குச் சில பத்து கிலோபிட் போதும். பெருமழையில் வீடியோ நின்றாலும் 112க்கான அழைப்பு போய்ச்சேரும். இதற்கான கருவிகள் சந்தையில் இருக்கின்றன. கடலோர மாவட்டங்களில் ஈ-பேண்டை மட்டும் நம்பி நீண்ட தாவலை அமைப்பது செலவைப் பார்த்து எடுக்கும் முடிவு. இயற்கையின் மேல் பழிபோட அதில் இடமில்லை.

கட்டண முறையும் சரியான தூண்டுதலைத் தரவில்லை. பழைய பட்டைகளுக்கு, வருவாயில் ஒரு பங்கு என்று தொலைத்தொடர்பு வட்டம் முழுமைக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கப்பட்டு வந்தது. ஒரு தடத்தை ஃபைபருக்கு மாற்றினாலும் அலைக்கற்றைச் செலவு குறையவில்லை. ஈ-பேண்டை இணைப்பு வாரியாக ஒதுக்கலாம் என்று 2014இலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரைத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அமைச்சரவை ஒப்புக்கொண்டதோ நிறுவன வாரியான தற்காலிக ஒதுக்கீடு. ஏலமா நிர்வாக ஒதுக்கீடா என்ற குழப்பம் 2ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் நீண்டது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பேக்ஹாலை நிர்வாக ஒதுக்கீட்டுப் பட்டியலில் சேர்த்து அந்தக் குழப்பத்தை முடித்தது. விலை எப்படி அமைய வேண்டும் என்பதில் என் சார்பு இணைப்பு வாரியான கட்டணத்துக்கே; மலைக்கும் தீவுக்கும் அதில் பெயரளவுத் தொகை போதும்.

அளவீட்டையும் மாற்ற வேண்டும். ட்ராயின் 2024 தர விதிகள் செல்களின் மொத்தச் செயலிழப்பை 2 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கின்றன. மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் வாடிக்கையாளரின் வாடகையைக் கழிக்கச் சொல்கின்றன. மழையில் இரண்டு மணி நேரம் வேகம் கால்வாசியாகச் சரிந்த டவர், இந்த இரு கணக்குகளிலும் நன்றாக இயங்கிய டவர்தான். வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாட்களுக்கு மட்டும், டவர் வாரியாக, மணி வாரியாக பேக்ஹாலின் வேகத்தை நிறுவனங்கள் வெளியிடட்டும். அந்தத் தரவு கையில் இருந்தால் நாகப்பட்டினம், கடலூர் போன்ற மாவட்டங்களில் எந்தச் சங்கிலியின் தலை டவருக்கு முதலில் இரண்டாவது பாதை வேண்டும், எந்தப் புயல் பாதுகாப்பு மையத்தை, எந்த அரசு மருத்துவமனையை அடுத்த ஐப்பசிக்குள் ஃபைபர் எட்ட வேண்டும் என்று வரிசைப்படுத்திவிடலாம்.