சேர்வராயன் உச்சியில் ஒரு கும்பிடு

ஏற்காட்டில் இருந்து இறங்கி வந்த பிறகும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் உங்களைப் பிடித்துக்கொண்டேன். ஏற்காடு உட்கார்ந்திருக்கும் சேர்வராயன் மலை, 5,326 அடி! மீட்டரில் சொன்னால் 1,623. பாமீர் மலைத்தொடரில் லெனின் சிகரம் 7,134 மீட்டராம், 1928-ல் மூன்று பேர் முதன்முதலாக ஏறினார்களாம் என்றெல்லாம் படித்து வாய்பிளந்தவன்தான் நானும். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். சேலத்துக்காரனுக்குச் சேர்வராயனைவிட உசந்த மலை கிடையாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சேலத்து வெயில், சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது, ஊரைத் தாண்டினால் மேக்னசைட் வெட்டுகிற வெள்ளை மேடுகள் கண்ணைக் கூசவைக்கின்றன, அடிவாரம் வந்ததும் பஸ் ஒரு உறுமல் உறுமுகிறது, அவ்வளவுதான், முதல் கொண்டை ஊசி வளைவு! மொத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு, நான் ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தேன், கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி சூடு குறையும் என்பது புத்தகக் கணக்கு; இங்கே அதை முழங்கை ரோமம் சொல்லிவிடுகிறது. பாதி வழியில் ஜன்னலில் வருகிற காற்று சட்டென்று மாறும், மூங்கில் போய் சில்வர் ஓக் வரும், அதன் மேல் மிளகுக்கொடி, அதன் நிழலில் காபிச் செடி. கோடை மழை ஒன்று விழுந்து காபி பூத்திருக்கும் சமயத்தில் போனீர்களானால், மல்லிகைக் கூடையைக் கவிழ்த்த மாதிரி மலையே மணக்கும், மூச்சை உள்ளே இழுத்தவன் வெளியே விட மனசில்லாமல் திண்டாடுவான்.

மேலே போனால் இன்னொரு வேடிக்கை. மலை என்றால் கூம்பாகத்தானே இருக்கும்? இது உச்சியில் பலகை போட்டது போலத் தட்டையாக இருக்கிறது! அடியில் சார்னோகைட் என்கிற கருங்கடினப் பாறை, அது கோடிக்கணக்கான வருஷம் மழையில் ஊறி இற்று, மேலே செம்மண்ணும் பாக்சைட்டுமாக மூடி கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த பாக்சைட்டை வெட்டி எடுத்த தழும்பு அங்கங்கே தெரியும்தான், ஆனால் மூடுபனி வந்தால் அதுவும் மறைந்துபோகும், விடுங்கள். தண்ணீர்க் கதையைக் கேளுங்கள்: திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து காவிரிக்குப் போகின்றன, வாணியாறோ மறுபக்கம் இறங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. ஒரே மழை, இரண்டு ஆறுகளுக்குப் பங்கு! இதை நினைத்து நடுரோட்டில் நின்று கை தட்டினேன், உண்மை.

முதலில் ஏறியது யார் என்று கேட்பீர்கள். இங்கிலீஷ்காரர்கள் பதிவில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் பெயர் பெரிதாக இருக்கும். கிரேஞ்ச் எஸ்டேட்டும், காபி, பேரிக்காய், ஆப்பிள் எல்லாம் அவர் கைங்கரியம். அதற்குப் பின் வந்த துரைமார்கள் குதிரையிலும், ஆள் சுமக்கிற நாற்காலியிலும் ஏறினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் ஏறினாரா, தூக்கியவர் ஏறினாரா, நீங்களே சொல்லுங்கள்! இவர்களுக்கெல்லாம் முன்பே இங்கே இருந்தவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைவாசித் தமிழர்கள்; காஞ்சிபுரத்தில் இருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து மலைக்கொருவராகத் தங்கியதாகக் கதை சொல்கிறார்கள். அவர்கள் கொடி நடவில்லை, சாமியை உட்கார வைத்தார்கள்.

அந்தச் சாமியைத்தான் சொல்ல வந்தேன்! உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, காற்று வேட்டியைப் பிடுங்குகிறது, நாலாபக்கமும் ஆகாசம், கையை விரித்துக்கொண்டு கத்தலாம் என்று நெஞ்சு விம்முகிறது, அப்போது பார்த்து அங்கே இருப்பது ஒரு குகை, அதுவும் தாழ்ந்த, இருட்டான, குறுகலான குகை, தலை நிமிர்ந்து போகவே முடியாது, இடுப்பை ஒடித்துக் குனிந்து, உள்ளங்கையால் பாறையைத் தடவினால் ஜில்லென்று ஈரம், கற்பூரப் புகை மூக்கில் ஏறுகிறது, கோடியில் தீபம், அதன் வெளிச்சத்தில் சேர்வராயனும் காவிரியம்மனும், மலையும் ஆறும் புருஷன் பெண்டாட்டியாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்! இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று ஜனங்கள் சொல்வார்கள், நான் அந்த நிமிஷம் சத்தியமாக நம்பினேன், இப்போதும் நம்புகிறேன், எவ்வளவு உயரம் ஏறி வந்தவனும் இங்கே குனிந்தே ஆகவேண்டும் என்று வைத்தார்களே, எவரெஸ்டில்கூட இப்படி ஒரு ஏற்பாடு உண்டா? பூசாரி நெற்றியில் விபூதி இட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மே மாதம் கோயில் திருவிழா. மலைக்கிராமங்கள் அத்தனையும் திரண்டு வரும், கூட்டம் நெரியும், பரவாயில்லை, அப்போதுதான் போகவேண்டும். ஏறும்போது 20 வளைவுப் பாதை, இறங்கும்போது கொட்டச்சேடு, குப்பனூர் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள், மலையின் இரண்டு முகத்தையும் பார்த்த மாதிரி ஆகும். பஸ்ஸில் துண்டு போட்டாவது ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள், தலை சுற்றுகிறவர்கள் ஒரு எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், துணைக்கு ஆள் வேண்டும் என்றால் நான் ரெடி!