டயருக்கு இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

185/65 ஆர்15. ஸ்விஃப்ட், டிசையர் வகையறாவின் மேல் மாடல்களுக்கு இதுதான் டயர் அளவு. இதில் பட்ஜெட் ரகம் ஒன்று சுமார் ஐயாயிரம் ரூபாய். பிரீமியம் ஏழாயிரத்தை ஒட்டி வருகிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது இரண்டுக்கும் பொது என்பதால், இடைவெளி பெரிதாக மாறவில்லை. ஒரே காரில் இரண்டு ரகத்தையும் போட்டுத் தேயும்வரை ஓட்டிய பிறகு எழுதுகிறேன். பிராண்டு பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே கம்பெனியே டாக்ஸிக்கு ஒன்று, சொகுசுக்கு ஒன்று என்று பல ரகம் போடுகிறது. பெயரை மட்டும் கேட்டு வாங்குவதில் பயனில்லை.

நம் ஊரில் பட்ஜெட் டயர் மட்டமான சரக்கு கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கார் டயரை இங்கே விற்க முடியாது. டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. கடையில் இப்போது அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருப்பது போன்ற பெரிய ஆலைகளில் உருவானவை. பட்ஜெட் டயரில் கம்பெனிக்காரர்கள் முதலில் பார்ப்பது ஆயுளை. கெட்டி ரப்பர், சீக்கிரம் தேயாத பட்டன், குண்டு குழிக்கு அசையாத சைடுவால். டாக்ஸிக்காரர்கள் விரும்பி வாங்குவது சும்மா இல்லை.

காய்ந்த தார் ரோட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். சிமென்ட் ரோட்டில் பட்ஜெட் டயர் கொஞ்சம் இரையும், அவ்வளவுதான். அந்த இரைச்சலைக் குறைக்க மட்டும் நாலு டயருக்குமாக எட்டாயிரம் கூடக் கொடுக்கச் சொன்னால் நான் மாட்டேன்.

ஐப்பசி பிறந்தால் கதை வேறு. மழை தூறி ரோடு எண்ணெய்ப்பசையாக இருக்கும்போது, சிக்னலை நெருங்கிக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் பட்ஜெட் டயரில் ஏபிஎஸ் முழித்துக்கொண்டு பெடலில் கடகடவென்று காலை உதைக்கும். டயர் பிடி விட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிரீமியம் மாட்டிய பிறகு அதே இடம், ஏறக்குறைய அதே வேகம், அதே மிதி. வண்டி சத்தமில்லாமல் நின்றது.

காரணம் ரப்பர் கலவை. டயரைக் கருப்பாக்கிப் பலம் தருவது கார்பன் பிளாக். அதில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்த்தால் ஈரத்தில் பிடிப்பு கூடும், உருளும்போது வீணாகும் சக்தியும் குறையும். மிஷ்லான் 1992-ல் இப்படிப்பட்ட டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; பிறகு எல்லோரும் பின்பற்றினார்கள். ஆனால் சிலிக்கா ரப்பரோடு எளிதில் சேராது. அதைப் பிணைக்கத் தனி ரசாயனம் வேண்டும், கலக்கும் பக்குவமும் கடினம். கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது.

இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். ஒரு டயரின் ஈரப்பிடிப்பு மற்றதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். இரண்டு கார்களும் 80 கி.மீ. வேகத்தில் வந்து ஒரே கோட்டில் பிரேக் போடுகின்றன. நல்ல டயர் போட்ட கார் 36 மீட்டரில் நின்றால் மற்றதற்கு 42 மீட்டர் வேண்டும். ஆறு மீட்டர்தானே என்று தோன்றும். முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 30 கி.மீ. இருக்கும். முன்னால் ஒரு லாரி நின்றால், மோதுவது அந்த வேகத்தில்.

செலவைப் பார்ப்போம். பட்ஜெட் செட் இருபதாயிரம், 45,000 கி.மீ. ஓடட்டும். பிரீமியம் இருபத்தெட்டாயிரம், சீக்கிரமே தேய்ந்து 35,000-த்தில் முடிந்துவிட்டதாகவே வைப்போம். அப்போதும் வித்தியாசம் கிலோமீட்டருக்கு 36 பைசா. பெட்ரோலுக்கு ஐந்தரை ரூபாய் போகிற இடத்தில் இதற்குப் பேரம் பேசுகிறோம்!

இருந்தாலும் எல்லோருக்கும் பிரீமியம் சிபாரிசு செய்ய மாட்டேன். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வருஷத்துக்கு நாலாயிரம் கி.மீ. ஓடும் காரில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் வயதாகிவிடும். அங்கே விலையைவிடத் தேதி முக்கியம். சைடுவாலில் சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். "ஸ்டாக் எல்லாம் புதுசுதான் சார்" என்பார் கடைக்காரர். "இருக்கட்டும்ணே, டார்ச் அடிங்க, பார்த்துடலாம்" என்று குனிந்துவிடுங்கள். குடோனில் மூன்று வருஷம் கிடந்த பிரீமியத்தைவிட, போன மாதம் வந்த பட்ஜெட் டயருக்கே என் ஓட்டு. தோல் மெல்லிய சொகுசு டயர்கள் பள்ளத்தில் விழுந்து சைடுவால் புடைத்துக்கொள்வதும் உண்டு; புடைத்தால் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது. தினமும் மோசமான மண் ரோட்டில் போகிறவர்கள் கெட்டி டயரோடு இருப்பதே மேல்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நெடுஞ்சாலையில் ஊர் போகிற கார் என்றால் பிரீமியம்தான். அதையும் மொட்டை ஆகும்வரை ஓட்டாதீர்கள். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது, புது டயரில் ஏழெட்டு மி.மீ. இருக்கும். மூன்றுக்குக் கீழே போனால் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் போதாது, கார் தண்ணீர்மேல் மிதக்கும். அந்த நிலையில் பட்ஜெட் என்ன, பிரீமியம் என்ன.

கையில் காசு இரண்டுக்குத்தான் என்றால், புதிய இரண்டையும் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் வாதாடுவார்கள். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். ஈர வளைவில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிக்கொள்ளும். ஸ்டெப்னிக்குப் புதுசு வாங்க வேண்டாம். கழற்றியதில் நல்லதாக ஒன்று, அளவு ஒத்துப்போனால், டிக்கியில் போட்டுக் காற்று மட்டும் மாதாமாதம் பாருங்கள்.