தொலைவைக் காட்டும் கருவியும் அருகிலுள்ள நொய்யலும்

வகுப்பறைக்கு மெய்நிகர் உண்மையைக் கொணர்ந்த கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி மாணவரைத் தொலைதூர இடங்களுக்கு அழைத்துச் சென்றது. 2021இல் நிறுவனம் அதனை நிறுத்திவிட்டது. தமிழகத்தில் 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்கள், விரைவுத் துலங்கல் குறியீடுகளின்வழிக் காணொளிகளை இணைத்தன. நூல் மாணவரிடம் இருக்கிறது. அக்குறியீட்டைத் திறக்கும் கைப்பேசியோ, திருப்பூரில் பெற்றோருடன் பனியன் கம்பெனிக்குச் சென்றுவிடுவதுண்டு. ஆகவே கருவியும் உள்ளடக்கமும் பள்ளியின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். உள்ளடக்கத் தேர்விலும் தெளிவு தேவை. பின்னல் எந்திரத்தைத் தம் தெருவிலேயே காணும் சிறார்க்கு அதன் மெய்நிகர் படிமம் மிகையே. சாயக்கழிவின் உப்பு நொய்யலிலும் நிலத்தடியிலும் பரவிய வழியோ கண்ணுக்குப் புலப்படாதது. 2011இல் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் அம்மாசு குறித்தே. அவ்வழியைக் காட்டும் பாடமே இவ்வட்டாரத்தில் இக்கருவியின் தேவையை மெய்ப்பிக்கும்.