ஆடம் கண்ட பள்ளிகள்

வங்கத்திலும் பீகாரிலும் ஒரு காலத்தில் ஓர் இலட்சம் கிராமப் பள்ளிகள் இருந்தன என்பது நாம் மேடைதோறும் கேட்டுப் பழகிய செய்தி. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது வில்லியம் ஆடம் என்பாரின் கல்வி அறிக்கை. அவ்வறிக்கையைப் பெயரளவில் அறிந்தோர் பலர்; முழுமையாகப் படித்தோர் சிலரே. படிப்போரை அது ஓரிடத்தில் பெருமிதம் கொள்ளச் செய்யும். மற்றோரிடத்தில் தலைகுனிய வைக்கும். இரண்டையும் ஒருங்கே ஏற்பதே நேர்மை என்பது நம் கருத்து.

ஆடம் ஸ்காட்லாந்து நாட்டினர். 1818இல் பாதிரியாராக வங்கம் வந்தவர், இராஜாராம் மோகன்ராயுடன் பழகிய பின்னர்த் திரித்துவக் கொள்கையைக் கைவிட்டார். நாட்டுக் கல்வியின் நிலையை ஆராயும் பணியை 1835ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெண்டிங்க் பிரபு அவரிடம் ஒப்படைத்தார். ஆனால் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே, கல்விக்கான அரசுப் பணம் ஆங்கிலக் கல்விக்கே என்று ஆட்சியாளர் முடிவு கட்டிவிட்டனர். ஆய்வு முடியுமுன் தீர்ப்பு வந்துவிட்டது!

ஆடம் 1835, 1836, 1838 ஆகிய ஆண்டுகளில் மூன்று அறிக்கைகள் அளித்தார். நாம் பெருமையுடன் எடுத்தோதும் ஓர் இலட்சம் முதல் அறிக்கையில் உள்ளது. அஃது ஊர் ஊராகச் சென்று எண்ணியதன்று; பிறர் கூற்றைக்கொண்டு செய்த மதிப்பீடு. இரண்டாம் அறிக்கைக்காக அவர் இராஜஷாஹி மாவட்டத்து நாத்தோர் வட்டாரத்திற்குச் சென்றார். வெள்ளையரைக் கண்ட கிராமத்தார் அஞ்சினர். அதனால் உள்நாட்டுத் துணைவர்களை அனுப்பி விவரம் திரட்டினார். 485 கிராமங்களில் அவர் கண்ட தொடக்கப் பள்ளிகள் 27. மாணவர் 262 பேர். ஆனால் 1,588 குடும்பங்களில் 2,382 பிள்ளைகள் வீட்டிலேயே கற்றுவந்தனர். அஃதாவது, பள்ளியில் கற்றோரைப் போல் ஒன்பது மடங்கினர் திண்ணையிலும் முற்றத்திலும் கற்றனர். மேசையிலிருந்து எழுதியவருக்குத் தோன்றாத இவ்வுண்மை, நடந்து சென்றவருக்குப் புலப்பட்டது. அறிக்கையின் தலையாய சிறப்பு இதுவே.

மூன்றாம் அறிக்கை முர்ஷிதாபாத், பீர்பூம், பர்த்வான், தென் பீகார், திர்ஹுத் ஆகிய ஐந்து மாவட்டங்களைப் பற்றியது. பாரசீகமும் அறபும் கற்ற 3,654 மாணவருள் இந்துக்கள் 2,096 பேர். முஸ்லிம்கள் 1,558 பேர். ஸஅதீயின் குலிஸ்தானையும் போஸ்தானையும் இரு சமயத்துப் பிள்ளைகளும் ஓதினர். மொழிக்கு மதமில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, தலைகுனிய வைக்கும் பகுதிக்கு வருவோம். நாத்தோரில் 11 குர்ஆன் பள்ளிகளில் 42 பிள்ளைகளே ஓதினர். அவற்றின் ஆசிரியர்கள் எழுத்தொலிகளை மட்டுமே அறிந்தவர்கள் என்றும், ஓதுவதன் பொருளை அறியாதவர்கள் என்றும், சிலருக்குத் தம் பெயரை எழுதவும் இயலாது என்றும் ஆடம் குறிக்கிறார். இதனைக் காழ்ப்பு என்று ஒதுக்குவது எளிது. அவர் அளவுகோலில் குறையும் உண்டு. எழுத்தின் மக்ரஜ் பிசகாமல் ஓதுவது தனிப் பயிற்சி. செவியும் நாவும் நினைவும் அதனால் பண்படும். இதனை அவர் கணக்கில் கொள்ளவில்லை. நாமும் பொருளறியாமல் ஓதத் தொடங்கியவர்களே. அவ்வோசையே பின்னர் நமக்கு அறபு இலக்கணத்தின் வாயிலாயிற்று. எனினும், அந்த வாயிலிலேயே நின்றுவிட்ட நம் உடன்மாணாக்கர் எத்தனை பேர்! அவர்களை எண்ணும்போது ஆடமின் குற்றச்சாட்டுக்கு விடை நாவில் எழ மறுக்கிறது.

பெண் கல்வியிலோ நாத்தோர் முஸ்லிம்களும் அண்டை வீட்டாரைப் போலவே விருப்பமின்றி இருந்ததாக அவர் எழுதுகிறார். அது அவ்வட்டாரத்தின் நிலை; சமுதாயம் முழுமைக்கும் அதனைப் பொதுவாக்கலாகாது. மன்றோவின் ஆணைப்படி சென்னை மாகாணத்தில் 1822 முதல் திரட்டப்பட்ட கணக்கில், மலபாரில் 3,196 முஸ்லிம் சிறுவரோடு 1,122 முஸ்லிம் சிறுமியரும் பள்ளியில் இருந்தனர். ஓர் ஊரின் இருளை மார்க்கத்தின் மேல் ஏற்றுவோர் இதனையும் காண வேண்டும். நாமும், மலபாரின் ஒளியைக் காட்டி நாத்தோரை மறைத்தல் தகாது.

ஆடம் குறை கண்டதோடு நின்றவரல்லர். இருக்கும் பள்ளிகளை இடிக்காமல் அவற்றின் மீதே புதியதைக் கட்டுக என்றார். தாய்மொழியில் பாடநூல், ஆசிரியருக்குத் தேர்வும் பரிசும், அவர் வாழ்வுக்கு மானிய நிலம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். கல்விக் குழுவினர் இத்திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று தள்ளிவிட்டனர். ஆடம் பணி துறந்தார். அன்று அரசு தவறவிட்டது எளிய ஆசிரியரை உயர்த்தும் வாய்ப்பை.

அதே ஆசிரியர் இன்று நம் மஹல்லாக்களில் சொற்ப ஊதியத்துடன் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நூலும் பயிற்சியும் பிழைப்பும் அளிக்க அரசாணை தேவையில்லை. ஜமாஅத்தின் மனம் போதும். ஓர் இலட்சம் பள்ளிகளைப் பேசி மகிழ்வதற்குமுன், நம் தெருப் பள்ளிக்கு ஒருமுறை நடந்து சென்று பார்ப்போமாக.